பலர் கூடிப் பயின்ற இசை

நுழையும்முன்

ஒரு கலையை ஒருவர் இன்னொருவருக்குக் கற்பிக்கும்போது அக்கலை உயிர்வாழ்கிறது. ஒருவர் பலருக்குக் கற்பிக்கும்போது அது ஊருக்குரியதாகிறது. வட இந்தியாவில் அரண்மனைகளுக்குள்ளும் சில குடும்பங்களுக்குள்ளும் அடங்கியிருந்த மரபிசையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, இளைஞர்களைக் கூட்டமாக அமர்த்திக் கற்பித்தவர் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர். அவர் எழுப்பிய கட்டடம் அவர் கண்ணெதிரிலேயே கைவிட்டுப் போயிற்று. அவர் உருவாக்கிய கல்விமுறை நூறாண்டு கடந்தும் நிற்கிறது. அந்த ஆசிரியரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

குருவின் இல்லமே பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட இந்தியாவில் இசை கற்க விரும்பிய இளைஞன் முதலில் ஒரு குருவைத் தேடிச் செல்ல வேண்டும். குரு ஏற்றுக்கொண்டால் அவர் இல்லத்திலேயே தங்கிப் பணிவிடை செய்ய வேண்டும். தண்ணீர் எடுத்தல், விறகு பிளத்தல், கடைக்குச் சென்று வருதல் எனப் பல வேலைகளுக்கு இடையில் குரு மனமுவந்து சொல்லிக் கொடுப்பதே பாடம். பாடத்திட்டம் என்று ஒன்று இல்லை. எத்தனை ஆண்டுகளில் கல்வி முடியும் என்ற வரையறையும் இல்லை. நூல் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. செவியே ஏடாகவும் நினைவே எழுதுகோலாகவும் இருந்தன.

இம்முறையில் ஒரு பெருஞ்சிறப்பு இருந்தது. குருவின் மூச்சும் குரலின் நெளிவும் மாணவனுக்குள் முழுமையாக இறங்கின. குவாலியர், ஆக்ரா போன்ற ஊர்களின் பெயரால் வழங்கும் கராணா என்னும் பாடல் மரபுகள் அவ்வாறுதான் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. அதே முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. அரிய பாடல்களைக் குடும்பத்தாருக்கு மட்டுமே சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பலரிடம் இருந்தது. வாரிசின்றி ஒரு வித்துவான் மறைந்தால் அவர் அறிந்த பாடல்களும் அவரோடு மறைந்தன. இசைக்கலைஞருக்கு அரசவையில் பரிசுகள் கிடைத்தாலும் ஊரில் மதிப்பு கிடைப்பது அரிதாக இருந்தது. பள்ளியில் படிக்கும் பிள்ளை இசை கற்க விரும்பினால் பெற்றோர் அஞ்சிய காலம் அது.

இளமையும் இழப்பும்

விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள குருந்த்வாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். குருந்த்வாட் அன்று ஒரு சிறு சமஸ்தானமாக விளங்கியது. தந்தை திகம்பர் கோபால் பலுஸ்கர், கீர்த்தன் என்னும் இசைச் சொற்பொழிவு நிகழ்த்துபவர். தமிழகத்தில் கதாகாலட்சேபம் செய்வோரைப் போன்றே கதையும் பாட்டும் கலந்து மக்களுக்கு அறம் உரைப்பது அவர் தொழில். ஆகவே சிறுவனின் செவியில் பாட்டு இயல்பாகவே விழுந்துகொண்டிருந்தது.

எனினும் பலுஸ்கர் இசைக்கு வந்தது விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. சிறுவயதில் திருவிழா நாளொன்றில் வெடி ஒன்று முகத்தருகே வெடித்ததில் அவர் கண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பார்வை மங்கியது. நூல்களைப் படித்துத் தேர்வு எழுதி ஓர் உத்தியோகத்துக்குச் செல்லும் வழி அடைபட்டது. மருத்துவத்தின் பொருட்டு அருகிலிருந்த மிரஜ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், அங்கேயே இசை பயிலத் தொடங்கினார். எழுத்து எட்டாமற் போன சிறுவனுக்கு ஒலி கைகொடுத்தது. பின்னாளில் இசையை எழுத்தில் வடித்து நூலாக்கிப் பலருக்கும் அளித்தவர், பார்வை மங்கிய இந்தச் சிறுவரே என்பது எண்ணத்தக்கது.

மிரஜில் அவருக்கு வாய்த்த குரு பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சிகர். குவாலியர் மரபின் இசையை மகாராட்டிரத்தில் வேரூன்றச் செய்த பெரியார் அவர். அவருடைய குரு வாசுதேவபுவா ஜோஷி; ஜோஷியின் குரு குவாலியரின் புகழ்பெற்ற வித்துவான் அசு கான். சமய எல்லைகளைக் கடந்து கைமாறி வந்த அவ்விசைச் செல்வத்தைப் பலுஸ்கர் பல்லாண்டுகள் உழைத்துப் பெற்றார். மிரஜ் சமஸ்தான மன்னரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. விடியலுக்கு முன் தொடங்கும் குரற்பயிற்சி, நாள் முழுதும் நீளும் சாதகம், குருவுக்குப் பணிவிடை எனக் கழிந்த அந்த ஆண்டுகளே அவருடைய பள்ளியும் கல்லூரியும் ஆயின.

மிரஜை விட்டு வெளியேறுதல்

மிரஜில் நடைபெற்ற பொது நிகழ்ச்சி ஒன்றுக்கு ஊர்ப்பெரியவர்கள் அனைவரும் அழைக்கப்பட்டதாகவும், மன்னரின் ஆதரவு பெற்றவர் என்பதால் பலுஸ்கருக்கும் அழைப்பு வந்ததாகவும், அவர் குருவுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை என்றும் அவர்தம் வரலாற்றில் கூறப்படுகிறது. இசையில் மூத்தவர் ஊர்ச்சபையில் பொருட்படுத்தப்படாமை இளைஞரின் உள்ளத்தைச் சுட்டது. கலையை விரும்பும் சமுதாயம் கலைஞனை ஏன் மதிப்பதில்லை என்னும் வினா அவரிடம் எழுந்தது. இசைக்கலைஞர் கல்வியும் ஒழுக்கமும் உடையவராக விளங்க வேண்டும்; இசை கற்றல் குடும்பப் பிள்ளைகளுக்கு உரிய கல்வியாக ஏற்கப்பட வேண்டும்; இவ்விரண்டும் நிகழ்ந்தாலன்றி இந்நிலை மாறாது என அவர் கருதினார்.

1896ஆம் ஆண்டு பலுஸ்கர் மிரஜை விட்டுப் புறப்பட்டார். அரசவையில் நிலையான இடம் ஒன்றைத் தேடி அமர்வது அன்றைய வழக்கம். அவரோ ஊர் ஊராகச் சென்றார். பரோடா, குவாலியர் முதலிய நகரங்களில் பாடினார். ஆங்காங்குள்ள இசைமரபுகளைக் கேட்டறிந்தார். சௌராட்டிரப் பகுதியில் சிறு கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்காகக் கச்சேரி நடத்தினார். கோயிலிலோ அரண்மனையிலோ செல்வர் இல்லத்திலோ மட்டுமே மரபிசை ஒலித்து வந்த காலத்தில், கட்டணம் செலுத்திய எவரும் அமர்ந்து கேட்கலாம் என்பது புதுமையாக இருந்தது. மன்னர் ஒருவரின் மகிழ்ச்சியை நம்பியிருந்த கலைஞன், மக்கள் பலரின் ஆதரவை நம்பத் தொடங்கியதன் அடையாளம் அது.

இலாகூரில் ஒரு தொடக்கம்

பயணத்தின் இறுதியில் பலுஸ்கர் பஞ்சாபின் தலைநகரான இலாகூரை அடைந்தார். அங்கே 1901ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் காந்தர்வ மகாவித்யாலயா என்னும் இசைப்பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. பிறந்த மண்ணிலிருந்து வெகுதொலைவில், வேற்றுமொழி வழங்கும் நகரில், அரசரின் மானியம் ஏதுமின்றி அவர் இம்முயற்சியில் இறங்கினார்.

இந்தியாவில் இதற்கு முன்னும் இசைப்பள்ளிகள் இருந்தன. பரோடாவில் மன்னர் சாயாஜிராவின் ஆதரவுடன் மௌலா பக்ஷ் 1886ஆம் ஆண்டிலேயே ஓர் இசைப்பள்ளியை நடத்தத் தொடங்கியிருந்தார். பலுஸ்கரின் பள்ளி வேறுபட்டது ஒன்றில்தான். அது அரசரின் கருவூலத்தைச் சாராமல் பொதுமக்கள் தந்த நன்கொடையையும் பலுஸ்கரின் கச்சேரி வருவாயையும் நம்பி நின்றது. சாதியும் குடும்பப் பின்னணியும் பாராமல் இசை கற்க விரும்புவோரைச் சேர்த்துக்கொள்வது அதன் கொள்கை. பெண்களுக்கும் கற்பிக்க அது முன்வந்தது.

தொடக்கத்தில் மாணவர் மிகச் சிலரே வந்தனர். மதிப்புள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இசைப்பள்ளிக்குச் செல்வதா என்று தயங்கிய பெற்றோரின் உள்ளத்தை மாற்றுவதே ஆசிரியரின் முதற்பணியாயிற்று. பள்ளியில் நேர ஒழுங்கு கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. வருகை குறிக்கப்பட்டது, தேர்வுகள் நடைபெற்றன. ஆண்டு விழாக்களும் பட்டமளிப்பு விழாக்களும் நகரப் பெருமக்கள் முன்னிலையில் நிகழ்ந்தன. பாடல்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பலுஸ்கர் கருத்துச் செலுத்தினார். இளைஞர்கள் வீட்டில் பெற்றோர் முன்னிலையில் தயக்கமின்றிப் பாடத்தக்க பத்திப் பாடல்களுக்கு முதலிடம் அளித்தார். இவ்வொழுங்கைக் கண்ட பெற்றோர் மெல்ல மெல்லத் தம் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினர்.

ஒரே வகுப்பில் பல குரல்கள்

தனியொரு மாணவனுக்குக் கற்பிப்பதும் இருபது மாணவருக்குக் கற்பிப்பதும் ஒன்றல்ல. கணிதத்தையோ வரலாற்றையோ கூட்டமாக அமர்ந்த மாணவர்க்குக் கற்பிக்கலாம். இசையில் ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ற சுருதி வேறு. ஒருவன் எளிதில் எட்டும் மேல் சுரம் மற்றொருவனுக்கு எட்டாது. பதின்பருவ ஆண்பிள்ளைகளுக்கு மகரக்கட்டு என்னும் குரல் மாற்றம் வேறு நேரும்; நேற்று இனிமையாக ஒலித்த குரல் இன்று கரகரத்து நிற்கும். ஒருவன் தவறாகப் பாடினால் கூட்டத்தில் அது மறைந்துவிடும். நன்றாகப் பாடுபவனின் தனிச்சிறப்பும் அவ்வாறே மறைந்துவிடும். குருவின் முகம் பார்த்து ஒருவன் கற்ற மரபைப் பலருக்கும் ஒரே நேரத்தில் எவ்வாறு கடத்துவது என்பது பலுஸ்கர் எதிர்கொண்ட மெய்யான சிக்கல்.

அதற்கு அவர் கண்ட விடை படிநிலைக் கல்வி. முதலில் சுரவரிசைகள், பின்னர் எளிய தாளங்கள், அடுத்து ஓர் இராகத்தில் ஒரு சிறு பாடல், அதன் பின்னரே விரிவான பாடல்கள் எனப் பாடங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. எந்த ஆண்டில் எதைக் கற்க வேண்டும் என்பது மாணவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. சேர்ந்து பாடும்போது கூச்சம் அகன்றது. தனித்துப் பாட அஞ்சும் மாணவனும் பத்துப் பேருடன் இணைந்து வாய்திறந்தான். தாளம் தப்பியவன் அருகிலிருப்பவனைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டான். கூட்டமாகக் கற்பதில் உள்ள குறையே அவ்வாறு ஒரு வலிமையாகவும் மாறியது.

வகுப்பறைக்கு வந்த அனைவரும் பெரும் பாடகர்களாக ஆக மாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அது அவர் நோக்கமும் அன்று. பாடத் தெரிந்தவர் சிலராகவும், இசையை உணர்ந்து கேட்கத் தெரிந்தவர் பலராகவும் உள்ள ஒரு சமுதாயம் உருவாக வேண்டும் என்பதே அவர் விருப்பம். கேட்பவர் தரம் உயர்ந்தால் பாடுபவர் மதிப்பும் உயரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியர்

மாலை நேரத்தில் வந்து கற்றுச் செல்லும் மாணவரோடு பலுஸ்கர் நின்றுவிடவில்லை. இசையையே வாழ்க்கையாக ஏற்க முன்வந்த இளைஞர்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். இவர்கள் உபதேசகர் எனப்பட்டனர். ஒன்பது ஆண்டுகள் பள்ளியிலேயே தங்கிப் பயில்வதாக இவர்கள் ஒப்பந்தம் அளிக்க வேண்டும். உணவும் உறைவிடமும் கல்வியும் இலவசம். பயிற்சி முடிந்தபின் வேறு ஊர்களுக்குச் சென்று இசை கற்பிப்பது இவர்கள் கடமை.

பழைய குருகுலத்தின் நெருக்கமும் புதிய பள்ளியின் ஒழுங்கும் இப்பிரிவில் இணைந்தன. குருவோடு உடனுறைந்து கற்றாலும் பாடத்திட்டமும் காலவரையறையும் இருந்தன. பலுஸ்கர் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். விடியற்காலைச் சாதகம், உடற்பயிற்சி, வகுப்பு, பணிமனை வேலை என மாணவரின் நாள் பொழுதுபோக்கின்றிக் கழிந்தது. இளம்வயதினர்க்கு அது எளிய வாழ்க்கையாக இருந்திருக்க இயலாது. எனினும் அவ்வாழ்க்கையிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் இந்துஸ்தானி இசையைத் தாங்கிய தூண்கள் பலர் எழுந்தனர்.

விநாயகராவ் பட்வர்தன் மிரஜ் மன்னரின் உதவித்தொகை பெற்று 1907இல் இலாகூருக்கு வந்தபோது ஒன்பது வயதுச் சிறுவர். ஓம்காரநாத் தாக்கூர் வறுமையில் வளர்ந்தவர். அவரது குரலின் அருமையை உணர்ந்த வள்ளல் ஒருவரின் உதவியால் ஏறத்தாழப் பதின்மூன்று வயதில் பம்பாயில் பலுஸ்கரிடம் வந்து சேர்ந்தார். அவரே 1916இல், இருபது வயதும் நிறையாத நிலையில், இலாகூர்ப் பள்ளியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். தம்மினும் சில ஆண்டுகளே இளையவர்களுக்கு அவர் ஆசிரியரானார். மாணவரை நம்பிப் பொறுப்பளித்தால் அவர் அதற்கேற்ப உயர்வார் என்பதற்கு இது சான்று.

ஏட்டில் ஏறிய இசை

கூட்டக் கல்விக்கு நூல் இன்றியமையாதது. வகுப்பில் கற்றதை வீட்டில் நினைவுகூர மாணவனுக்கு ஒரு துணை வேண்டும். அதற்காகப் பலுஸ்கர் சுரங்களையும் தாளக் காலங்களையும் குறியீடுகளால் எழுதும் சுரக்குறிப்பு முறை ஒன்றை வகுத்தார். சங்கீத் பால பிரகாஷ், இராக பிரவேஷ் முதலிய பாடநூல்களைப் படிநிலை வாரியாக வெளியிட்டார். சங்கீத் அம்ருத் பிரவாக் என்னும் இசை இதழையும் நடத்தினார். இவற்றை அச்சிடப் பள்ளிக்கென அச்சகம் ஒன்று இயங்கியது. தம்புரா முதலிய கருவிகளைச் செய்யவும் பழுதுபார்க்கவும் பணிமனை ஒன்றும் இருந்தது.

எழுத்தில் வடித்தால் இசை உயிரிழந்துவிடும் என்று கருதியோர் அன்று பலர். சுரத்தின் அசைவையும் குழைவையும் குறியீட்டால் முழுதும் காட்ட இயலாது என்பது உண்மையே. ஆயினும் குறிப்பு என்பது பாட்டின் எலும்புக்கூடு. அதற்குத் தசையும் உயிரும் தருவது ஆசிரியரின் குரல். இவ்விரண்டும் சேர்ந்தே மாணவனை உருவாக்கின.

தெரிந்து தெளிவோம்

பலுஸ்கரின் காலத்தில் வாழ்ந்த மற்றோர் இசைப் பேரறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860 – 1936). பலுஸ்கர் மேடையிலிருந்து வகுப்பறைக்கு வந்தவர். பாத்கண்டே வழக்கறிஞர் தொழிலிலிருந்து இசை ஆய்வுக்கு வந்தவர். நாடெங்கும் பயணம் செய்து பாடல்களைத் திரட்டி, இராகங்களைப் பத்து தாட்களாக வகைப்படுத்தினார். 1926இல் இலக்னோவில் இசைக்கல்லூரி அமையக் காரணமானார். இருவரும் தனித்தனிச் சுரக்குறிப்பு முறைகளை வகுத்தனர். இன்றைய இந்துஸ்தானி இசைக்கல்வியில் இருவர்தம் முயற்சிகளும் கலந்துள்ளன.

மக்கள் மன்றத்தில்

இசையை வகுப்பறைக்குக் கொண்டுவந்த பலுஸ்கர் அதனைப் பொதுவெளிக்கும் கொண்டுசென்றார். இந்தியத் தேசியக் காங்கிரசின் மாநாடுகளில் வந்தே மாதரம் பாடலை அவர் பாடினார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காக்கிநாடாவில் 1923இல் நடைபெற்ற மாநாட்டிலும் அவர் குரல் ஒலித்தது. ஆயிரக்கணக்கானோர் கூடும் மன்றத்தில், ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், பயிற்சி பெற்ற குரலின் வலிமையை மக்கள் நேரில் உணர்ந்தனர்.

காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் இசை கற்பிக்கத் தகுதியானவர் ஒருவர் தேவைப்பட்டபோது, பலுஸ்கர் தம் மாணவர் நாராயண் மோரேஷ்வர் கரேயை அனுப்பினார். ஆசிரமவாசிகள் நாள்தோறும் கூடிப் பாடும் வழிபாட்டுப் பாடல்களை முறைப்படுத்தியவர் கரேயே. 1930இல் தண்டியை நோக்கிக் காந்தியடிகள் மேற்கொண்ட உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்திலும் அவர் உடன் நடந்தார். இசை கல்லாத எளிய மக்கள் ஒரே குரலில் பாடும் வழக்கம் விடுதலை இயக்கத்தில் பரவியதற்குப் பலுஸ்கரின் கூட்டக் கல்வியும் ஒரு வித்தாயிற்று.

பம்பாயும் கடனும்

1908ஆம் ஆண்டு பம்பாயில் காந்தர்வ மகாவித்யாலயாவின் கிளையைப் பலுஸ்கர் தொடங்கினார். நாளடைவில் அதுவே அவர் பணியின் மையமாயிற்று. மாணவர் தொகை பெருகியது. வாடகை இடம் போதவில்லை. இசைக்கெனத் தனிக்கட்டடம் ஒன்று வேண்டும். வகுப்பறைகளும் மாணவர் விடுதியும் அரங்கும் அதில் அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். நன்கொடை திரட்டியும் கடன் பெற்றும் பெருங்கட்டடம் ஒன்றை எழுப்பினார்.

கட்டணமின்றி உண்டு உறைந்து கற்கும் உபதேசக மாணவர்கள் ஒருபுறம். நூல் வெளியீட்டின் செலவு மறுபுறம். இவற்றோடு கடனும் வட்டியும் சேர்ந்தன. கடனைத் தீர்க்க அவர் நகரம் நகரமாகச் சென்று பாடினார். பள்ளியை நடத்த வேண்டியவர் பள்ளிக்காகவே பள்ளியை விட்டு நெடுநாள் பிரிந்திருக்க நேர்ந்தது. உள்ளத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. துறவு மனப்பான்மை மேலோங்கியது. அரங்கக் கச்சேரிகளைக் காட்டிலும் இராமாயணத்தை இசையோடு விரித்துரைப்பதில் அவர் நாட்டம் கொண்டார். அதனால் வருவாய் குறைந்தது, கடன் குறையவில்லை.

1924ஆம் ஆண்டு கடன் கொடுத்தவர்கள் பள்ளிக் கட்டடத்தை ஏலத்தில் விற்றனர். இருபத்து மூன்று ஆண்டுகளாக வளர்த்த நிறுவனத்தின் இருப்பிடம் ஒரே நாளில் பிறர் உடைமையாயிற்று. அரசரின் தயவை நம்பி வாழும் கலைஞனின் நிலையிலிருந்து இசையை விடுவிக்கப் புறப்பட்டவர், கடன்காரரின் கணக்கேட்டுக்கு முன் தோற்று நின்றார். பொதுமக்களின் ஆதரவால் மட்டும் ஒரு கல்வி நிறுவனத்தைத் தாங்குவது எத்துணைக் கடினம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. நிதி ஒழுங்கின்றி உயர்ந்த நோக்கமும் நெடுநாள் நிலைக்காது என்னும் பாடமும் இதில் உண்டு.

பலுஸ்கர் நாசிக் நகரில் தாம் முன்பே நிறுவியிருந்த இராமநாம ஆதார ஆசிரமத்தில் தங்கினார். அங்கும் மாணவர் சிலர் அவருடன் இருந்தனர். அங்கும் பாட்டு நிற்கவில்லை. 1931ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், ஐம்பத்தொன்பது வயது நிறைந்த மூன்றாம் நாள், தாம் இசை கற்கத் தொடங்கிய அதே மிரஜ் நகரில் அவர் காலமானார்.

மாணவரே நிறுவனம்

கட்டடம் போன பின்னரும் மாணவர்கள் இருந்தனர். குரு மறைந்த அதே 1931ஆம் ஆண்டில் அவர்கள் ஒன்றுகூடி அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலயா மண்டலம் என்னும் அமைப்பை நிறுவினர். பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், பட்டயம் அளித்தல் ஆகிய பணிகளை அது மேற்கொண்டது. சிற்றூரில் கற்பவரும் பெருநகரில் கற்பவரும் ஒரே தேர்வை எழுதும் நிலை உருவாயிற்று. அவ்வமைப்பு இன்றும் தேர்வுகளை நடத்தி வருகிறது.

விநாயகராவ் பட்வர்தன் 1932இல் புனேயில் காந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். பி. ஆர். தேவ்தர் பம்பாயில் 1925இலேயே இசைப்பள்ளி ஒன்றை நிறுவியிருந்தார். சிறுவராக அங்கு வந்து பயின்றவரே பின்னாளில் பெரும்புகழ் பெற்ற குமார் கந்தர்வா. ஓம்காரநாத் தாக்கூர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் இசைப்பிரிவுக்குத் தலைமையேற்றார். பட்வர்தனின் மாணவர் வினய் சந்திர மௌத்கல்யா 1939இல் தில்லியில் காந்தர்வ மகாவித்யாலயாவை நிறுவினார். இலாகூரில் ஊன்றிய ஒரு விதையின் கிளைகள் இவை. அதே காலப்பகுதியில் தமிழகத்திலும் சிதம்பரத்தில் 1929இல் இசைக்கல்லூரி தோன்றியதையும், சென்னை மியூசிக் அகாதெமி 1931இல் இசையாசிரியர் கல்லூரியைத் தொடங்கியதையும் இங்கு நினைவுகூரலாம். குருவின் இல்லத்திலிருந்து வகுப்பறைக்கு இசை நகர்ந்தது நாடு தழுவிய மாற்றமாக இருந்தது.

இவை அனைத்தினும் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. பலுஸ்கர் மறைந்தபோது அவர் மகன் தத்தாத்ரேயாவுக்குப் பத்து வயது. தந்தையிடம் முழுமையாகக் கற்கும் வாய்ப்பு அச்சிறுவனுக்குக் கிட்டவில்லை. பழைய வழக்கப்படி இசை குடும்பத்துக்குள் மட்டுமே கைமாறியிருந்தால், தந்தையின் கலை மகனுக்கு எட்டாமலே போயிருக்கும். தந்தையோ தம் கலையைப் பிறர் பிள்ளைகளுக்கு வாரி வழங்கியிருந்தார். அப்பிள்ளைகளில் விநாயகராவ் பட்வர்தனும் நாராயணராவ் வியாசும் தத்தாத்ரேயாவுக்குக் குருவாயினர். குருவிடம் பெற்றதைக் குருவின் மகனுக்கே அவர்கள் திருப்பி அளித்தனர். பதினான்காம் வயதிலேயே மேடையேறிய தத்தாத்ரேயா, டி. வி. பலுஸ்கர் என்னும் பெயரில் நாடறிந்த பாடகரானார். 1955இல் முப்பத்து நான்கு வயதில் அவர் மறைந்தபோதிலும் அவர் குரல் இசைத்தட்டுகளில் வாழ்கிறது.

1973இல் இந்திய அரசு விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் தொடங்கிய முதற்பள்ளி இருந்த இலாகூர் இன்று வேறு நாட்டில் உள்ளது. பம்பாய்க் கட்டடம் அவர் வாழ்நாளிலேயே கைமாறியது. ஆயினும் மாலைப்பொழுதில் ஏதோ ஒரு நகரின் இசைப்பள்ளியில், பாடநூலைத் திறந்து வைத்து மாணவர் பலர் ஒரே சுருதியில் சுரவரிசை பாடும்போது, அந்த வகுப்பறையின் அமைப்பிலேயே அவர் உழைப்பு நிலைபெற்றிருக்கிறது. கொடுத்தால் குறைவது பொருள். கொடுக்கக் கொடுக்கப் பெருகுவது கல்வி. அதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் பலுஸ்கர்.

கற்பவை கற்றபின்...

1. குருகுல முறையில் கற்பதற்கும் வகுப்பறையில் கூட்டமாகக் கற்பதற்கும் உள்ள நன்மைகளையும் குறைகளையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் பறை, நாகசுரம், தவில், கரகம், தெருக்கூத்து போன்ற கலைகளுள் ஒன்றைக் கற்பிப்பவரைச் சந்தித்து, அவர் எவ்வாறு கற்றார், இன்று எவ்வாறு கற்பிக்கிறார் என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் உரையாடுக.

3. பள்ளிக் கட்டடத்தை இழந்தபோது பலுஸ்கர் தோல்வியடைந்தாரா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.